சின்னக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு: காசைப் போடலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒரு வாசகர், 10 ஜூன் 2023

அக்கா, என் மகள் இந்த வருடம் பள்ளியின் கடைசித் தேர்வான மெட்ரிக் எழுதுகிறாள். பி.ஏ. வரலாறுதான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அவள் மார்க்குக்குப் பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா என்பது சந்தேகம். பக்கத்தில் ஒரு சின்னத் தனியார் கல்லூரி இருக்கிறது. மொத்தமே இருநூறு பிள்ளைகள் இருந்தால் அதிகம். "செத்துப்போனவர்கள் கதையைப் படித்து எந்த வீட்டில் அடுப்பு எரியும்?" என்று என் மாமியார் தினமும் கேட்கிறார். டர்பனில் அப்படி ஒரு இடத்தில் வரலாறு படித்தவர் நீங்கள் என்று சொன்னார்கள். காசைப் போடலாமா?

11 ஜூன் 2023

போடலாம். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அந்தக் கல்லூரி உயர்கல்வித் துறையின் தனியார் கல்வி நிறுவனப் பதிவேட்டில் இருக்கிறதா, அது தரும் பி.ஏ.வுக்கு உயர்கல்விக் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா, பட்டங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான சாக்வாவில் அந்தப் பட்டத்துக்கு எண் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றையும் வீட்டில் உட்கார்ந்தபடியே இணையத்தில் பார்த்துவிடலாம். மூன்று வருட பி.ஏ. என்றால் தேசியத் தகுதி வரிசையில் ஏழாம் நிலை, 360 கிரெடிட் இருக்க வேண்டும். "பதிவு நடந்துகொண்டிருக்கிறது, அடுத்த மாதம் வந்துவிடும்" என்று வரவேற்பறையில் யாராவது சொன்னால் தேநீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று: என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதியுதவி அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் டிவெட் எனப்படும் அரசுத் தொழிற்கல்விக் கல்லூரிகளுக்கும் மட்டும்தான். தனியார் கல்லூரிக்கு ஒரு சென்ட்கூட வராது. முழுக்க உங்கள் பாக்கெட்டிலிருந்து போகும்.

மாமியாருக்கு அப்புறம் பதில் எழுதுகிறேன்.

13 ஜூன் 2023

நான் படித்த இடத்தின் பெயரைச் சொல்லச் சொல்லிச் சிலர் தனியாக எழுதியிருக்கிறீர்கள். சொல்லப் போவதில்லை. குறை சொல்ல வேண்டிய இடங்களும் வரும், பெயரைச் சொல்லிவிட்டால் அங்கே வாய் கூசும்.

கல்யாணமாகி, பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு படித்தவள் நான். பகலில் ஒரு மருந்துக் கடையில் கணக்கு எழுதுவேன், சாயங்காலம் வகுப்பு. முதல் வருடம் எல்லாப் பாடத்துக்கும் பொதுவாக ஒரு பெரிய அறை நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள். மூன்றாம் வருடம் வரலாற்றை முக்கியப் பாடமாக எடுத்தவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் அளவுதான். பின் பெஞ்சு என்ற ஒன்றே கிடையாது. வாரம் தவறாமல் படித்துக்கொண்டு போயாக வேண்டும், படிக்காதவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். காய்ச்சல் என்று விடுப்புப் போட்டால் ஆசிரியரே போன் செய்வார். அக்கறையில் செய்தாரா, ஆள் குறைந்தால் வகுப்பை மூடிவிடுவார்கள் என்ற பயத்தில் செய்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

எங்கள் ஆசிரியர் ஜூலுக்காரர், வேறொரு இடத்தில் ஓய்வு பெற்று வந்தவர். அவர் சொல்லிக்கொடுத்ததில் என் மனதை விட்டுப் போகாத பாடம் ஒன்று. ஒருநாள் இரண்டு ஜெராக்ஸ் தாள்களை மேசையில் வைத்தார். ஒன்று, இந்தப் பக்கம் நேட்டால் என்ற பிரிட்டிஷ் காலனியாக இருந்த காலத்து மாஜிஸ்டிரேட் கோர்ட் பதிவு: இந்தக் கரும்புத் தோட்டத்தைச் சேர்ந்த இன்ன எண்ணுள்ள ஒப்பந்தக் கூலி, அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே போனான், தண்டனை. இன்னொன்று, கூலிகளின் குறைகளைக் கேட்க அரசு வைத்த இந்தியர்களுக்கான காப்பாளர் அலுவலகத்துக் கோப்பு. அதே எண், அதே மாதம். சம்பளம் தரவில்லை, அரிசி குறைத்துப் போடுகிறார்கள் என்று புகார் கொடுக்க ஒருவன் நடந்தே வந்திருக்கிறான்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு அவர் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். எங்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. தோட்டத்தை விட்டு வெளியே போக முதலாளியின் சீட்டு வேண்டும். முதலாளி மேல் புகார் சொல்லப் போகிறவனுக்கு முதலாளி சீட்டுக் கொடுப்பானா? கோர்ட் புத்தகத்தை மட்டும் படித்தவன் "நேட்டாலில் கூலிகள் அடிக்கடி ஓடிப்போனார்கள்" என்று எழுதுவான். இரண்டையும் படித்தவன் அப்படி எழுத முடியாது.

முந்நூறு பேர் உட்காரும் ஹாலில் இந்தப் பாடத்தை நடத்த முடியாது என்று சொல்ல மாட்டேன். நடத்தலாம், ஆனால் யாருக்குப் புரிந்தது, யார் தலையை மட்டும் ஆட்டினார் என்று தெரியாது. உங்கள் மகளுக்குக் கல்லூரி சின்னதா பெரியதா என்பது இரண்டாவது கேள்வி. ஆசிரியர் பழைய தாளை அவள் கையில் கொடுப்பாரா, அவள் எழுதியதை வரிவரியாகப் படிப்பாரா? அதைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

13 ஜூன் 2023, இரவு

மாமியாருக்கு: செத்துப்போனவர்கள் கதையில்தான் அய்யர் வீட்டு அடுப்பே எரிகிறது, திவசத்துக்குத் திவசம். சும்மா சொன்னேன். வேலை பற்றித் தனியாக எழுதுகிறேன்.

17 ஜூன் 2023

"வரலாறு என்றால் வருடத்தை மனப்பாடம் செய்வதுதானே" என்று சேலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தம்பி, 1860 நவம்பர் 16 என்பதை இங்கே எந்தக் குழந்தையும் தூக்கத்தில் சொல்லும். சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்த நாள், 342 பேர். பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து பெல்விடியர். 1911 வரைக்கும் மொத்தம் 152,184 பேர். இவ்வளவும் ஒரு தபால் அட்டையில் அடங்கிவிடும், இதற்குப் பட்டம் தேவையில்லை.

பட்டம் எதற்கு? 1866க்குப் பிறகு ஏன் சில வருடங்கள் கப்பலே வரவில்லை, 1874இல் ஏன் மறுபடி வந்தது என்று கேட்கத் தெரிவதற்கு. 1866இல் நேட்டாலில் தொழில் படுத்ததால் ஆள் எடுப்பது நின்றது. முதல் தவணை ஆட்கள் பத்து வருடம் முடித்து 1871இல் ஊர் திரும்பி, சென்னையில் இறங்கியதும் எங்களை ஏமாற்றினார்கள் என்று புகார் சொன்னார்கள். இந்திய அரசாங்கம் கதவைச் சாத்தியது. நேட்டால் அரசு 1872இல் ஒரு விசாரணைக் கமிஷன் போட்டு, காப்பாளர் பதவியை உண்டாக்கி, அப்புறம்தான் மறுபடி ஆள் கிடைத்தது. அந்த அலுவலகம் எதனால் வந்தது என்று தெரிந்தால் அங்கே உட்கார்ந்தவர்களின் கோப்பை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். சர்க்கரை முதலாளிகளுக்கு ஆள் வர வேண்டும் என்பதற்காகப் போட்ட பதவி அது. கூலிகளுக்கு அதனால் நன்மையே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது.

2 ஜூலை 2023

கப்பலில் வந்த கூலிகளின் விவரம் எழுதிய கப்பல் பட்டியலைப் பார்ப்பது எப்படி என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டைக்காகத்தான் பாதிப் பேர் என்று தெரியும். பரவாயில்லை.

ஒரு பக்கத்தை மனதில் வையுங்கள். இடது ஓரத்தில் காலனி எண், அதாவது ஒவ்வொரு கூலிக்கும் நேட்டால் அரசு கொடுத்த எண். அடுத்துப் பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, உயரம். ஜில்லா, தாலுகா, கிராமம். கடைசியில் உடம்பு அடையாளம்: இடது முழங்காலில் தழும்பு, நெற்றியில் பச்சை, வலது கன்னத்தில் அம்மைத் தழும்பு. சில பட்டியல்களில் எந்த முதலாளியிடம் அனுப்பினார்கள் என்பதும் இருக்கும். வட ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம், தஞ்சாவூர் என்று ஜில்லாப் பெயர் எளிதில் பிடிபடும். கிராமத்தின் பெயரில்தான் கண் வலிக்கும். காதில் விழுந்ததை இங்கிலீஷ் குமாஸ்தா எழுதியது அது. சத்தமாக வாய்விட்டுப் படித்தால்தான் ஊர் வெளியே வரும். நான் தூங்கும் அறையில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்து என் வீட்டுக்காரர் எழுந்து போய் ஹாலில் படுத்திருக்கிறார்.

எண் இல்லாமல் தேடாதீர்கள். முனியம்மா, வீராசாமி என்ற பெயரில் எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, இறப்புப் பதிவு இவற்றில் எங்காவது அந்த எண் இருக்கும். முதலில் அதைத் தேடுங்கள்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. சாதிக் கட்டத்தைப் பார்த்துச் சண்டை வந்த வீடு எனக்குத் தெரியும். வீட்டுப் பெயராக ஒன்றை நூறு வருடமாகப் போட்டுக்கொண்டிருப்பார்கள், பட்டியலில் வேறொன்று இருக்கும். "நாங்கள் கூலியாக வரவில்லை, கடை வைக்க வந்தவர்கள்" என்று சொன்ன குடும்பத்துக்கும் எண் இருக்கும். உடனே "குமாஸ்தா தப்பாக எழுதிவிட்டான்" என்பார்கள். எழுதியிருக்கலாம். கப்பல் ஏறும் முன் தங்க வைத்த டிப்போவில் ஆளே மாற்றிச் சொல்லியிருக்கலாம், சேர்க்க மாட்டார்கள் என்று பயந்து. கப்பலில் ஏறியதும் பழையதை உதறியிருக்கலாம். இந்த மூன்றில் எது என்று ஒரு பட்டியலை வைத்துச் சொல்ல முடியாது. மாணவிக்குக் கொடுக்க இதைவிட நல்ல வீட்டுப்பாடம் எனக்குத் தெரியாது, ஆனால் தீபாவளி விருந்தில் எடுத்துப் பேச வேண்டாம்.

9 ஜூலை 2023

"இந்தியர்களுக்கென்றே தனிக் கல்லூரி இருந்ததே, அந்த மாதிரி சின்ன இடம் இப்போது இல்லையே" என்று டொங்காட்டிலிருந்து ஒரு அண்ணன் ஏங்குகிறார். அண்ணே, அது சின்ன இடமாக இருந்தது யாருடைய ஆசையினால் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நிறவெறி அரசின் 1959 சட்டம் வந்து வெள்ளையர் பல்கலைக்கழகங்களில் மற்றவர்கள் சேர்வதை அடைத்தது. அதற்கு முன்பும் சொர்க்கமாக இல்லை. நேட்டால் பல்கலைக்கழகம் வெள்ளையர் அல்லாதவர்களுக்குத் தனி வகுப்பு வைத்தது, சாஸ்திரி காலேஜ் கட்டடத்தில். 1961இல் டர்பன் துறைமுகத்துக்குள் சாலிஸ்பரி தீவில், கடற்படை விட்டுப்போன கட்டடங்களில் இந்தியர்களுக்கான பல்கலைக்கழகக் கல்லூரியைத் திறந்தார்கள். பட்டம் கொடுத்தது தபால் வழிப் பல்கலைக்கழகமான யூனிசா. அப்புறம் 1972இல் வெஸ்ட்வில் குன்றுக்கு மாறியது, டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் ஆனது, 2004இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாஜூலு-நேட்டால் பல்கலைக்கழகம்.

அங்கே படித்த பெரியவர்கள் அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது கண் பளபளக்கும், நட்பு அப்படி. அதே வாயால் "எங்களைத் தீவில் தள்ளினார்கள்" என்பார்கள். இரண்டும் உண்மை. அவர்கள் படித்த வரலாற்றுப் பாடத்தில் கேப்பில் டச்சுக் குடியேற்றத்தை ஆரம்பித்த வான் ரீபெக் உண்டு, போயர்கள் உள்நாட்டுக்கு மாட்டு வண்டியில் போன பெரும் பயணம் உண்டு, போயர் யுத்தம் உண்டு. தங்கள் பாட்டன் கரும்பு வெட்டியது எவ்வளவு உண்டு என்று அவர்களையே கேளுங்கள்.

அதற்காகச் சின்ன இடமே கெட்டது என்று நான் சொல்லவில்லை. அடைத்து வைத்த இடத்துக்கும் நாமாகத் தேடிப் போகும் இடத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது.

10 ஜூலை 2023

சாஸ்திரி காலேஜ் என்பது பட்டப்படிப்புக் கல்லூரி இல்லை, இந்தியப் பையன்களுக்கு 1929இல் வந்த உயர்நிலைப் பள்ளி. ஸ்ரீநிவாச சாஸ்திரி முயற்சியில் வந்ததால் அந்தப் பெயர். மேலே எழுதியதைப் படித்துக் குழம்பியவர்களுக்காக.

23 ஜூலை 2023

வேலை.

பட்டம் வாங்கியதும் நேராக ஒரு நாற்காலி காத்திருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பி.ஏ.வுக்குப் பிறகு ஒரு வருடம் பி.ஜி.சி.இ. என்ற ஆசிரியர் பயிற்சி முடித்து, ஆசிரியர் கவுன்சிலான சேஸில் பதிவு செய்தால் பள்ளி ஆசிரியர். இதற்குப் பட்டத்திலேயே இரண்டாவதாக ஒரு பள்ளிப் பாடம் இருக்க வேண்டும்: புவியியல், இங்கிலீஷ், ஜூலு மாதிரி. வரலாற்றோடு "ஊடக ஆய்வு" என்று அழகாக ஒன்றை எடுத்துவிட்டு அப்புறம் விழிப்பவர்கள் உண்டு. சட்டம் படிக்கப் போகலாம், பி.ஏ. இருந்தால் எல்.எல்.பி. சீக்கிரம் முடியும். அருங்காட்சியகங்களில் இடம் குறைவு, காலியாவதும் அபூர்வம். டர்பனில் 1860 மரபு மையம், பழைய கோர்ட் ஹவுஸ், குவாமூலே என்று பெயர்கள் இருக்கின்றன, ஆனால் எல்லாம் சின்ன அலுவலகங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று நில உரிமை மீட்பு. 1994 சட்டப்படி 1913 ஜூன் 19க்குப் பிறகு இனச் சட்டங்களால் நிலம் இழந்தவர்கள் கோரிக்கை வைக்கலாம் என்று சொன்னார்கள், முதலில் வைத்த கடைசித் தேதி 1998 டிசம்பர் 31. டர்பனில் கேட்டோ மேனர் பகுதியில் வீடும் தோட்டமும் போன நம்மவர்களின் கோரிக்கைகளும் அதில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பழைய பத்திரம், வரி ரசீது, நகராட்சிக் கடிதம் தேட ஆள் வேண்டும். என்னோடு படித்த ஒரு பெண் அந்த வேலையில் வருடக்கணக்கில் இருந்தாள். சம்பளம் பிரமாதம் இல்லை. ஆனால் ஒரு கிழவர் கையில் அவர் அப்பா கையெழுத்துப் போட்ட பத்திரத்தின் நகலைக் கொடுத்தபோது அவர் அதைப் படிக்காமல் கையெழுத்தை மட்டும் விரலால் தடவிக்கொண்டே இருந்தாராம்.

நான்? மருந்துக் கடையிலேயேதான் இருக்கிறேன், இப்போது மேனேஜர். சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். என்னை உதாரணமாகக் காட்டினால் உங்கள் மாமியார் ஜெயித்துவிடுவார்.

6 ஆகஸ்ட் 2023

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

வரலாறு படித்தால் வீட்டில் சண்டை வரும். சாதிக் கட்டத்தைச் சொல்லிவிட்டேன். அதைவிடப் பெரியது 1949. ஜனவரி 13 அன்று டர்பனில் விக்டோரியா தெருப் பக்கம் இந்தியர் ஒருவருக்கும் ஆப்பிரிக்கச் சிறுவன் ஒருவனுக்கும் நடந்த தகராறு ஊரெங்கும் தீயாகப் பரவியது. கேட்டோ மேனரில் வீடுகள், கடைகள் எரிந்தன. எங்கள் தாத்தா கடையும் போனது. எங்கள் வீட்டில் அதற்கு ஒரே கதைதான், அந்தக் கதையில் செத்தவர்கள் எல்லாரும் இந்தியர்கள்.

இரண்டாம் வருடத்தில் அரசுக் கணக்கைப் படித்தேன். இறந்தவர்கள் 142. அதில் ஆப்பிரிக்கர்கள் 87, இந்தியர்கள் 50. ஆப்பிரிக்கர்களில் பலர் போலீசும் ராணுவமும் சுட்டு இறந்தவர்கள். இதை வீட்டில் சொன்னேன். சித்தப்பா தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார், பல மாதம் பேசவில்லை.

என் ஆசிரியரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் வீட்டிலும் 1949க்கு ஒரு கதை இருந்தது, அதில் பஸ்ஸும் கடையும் வைத்திருந்த இந்தியர்கள் ஏழை ஜூலுக்காரர்களை உறிஞ்சினார்கள். அவரும் அந்த எண்களை வைத்து அவர் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவர்தான். இரண்டு கதையிலும் மேலே உட்கார்ந்து, யார் எங்கே இருக்கலாம், யாருக்குக் கடை லைசென்ஸ் என்று பிரித்துக் கொடுத்த வெள்ளைக்காரன் வரவே இல்லை பார் என்றார். நாங்கள் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அதைப் பேசினோம். சாலிஸ்பரி தீவில் படித்தவர்களுக்கு இது கிடைத்திருக்காது.

2021 ஜூலைக் கலவரத்தில், இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் ஆப்பிரிக்கர்கள் கொல்லப்பட்டது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மகள் அந்தத் தெருவில் வளர்ந்தவள். அவள் வரலாறு கேட்பது அதனால்கூட இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

7 ஆகஸ்ட் 2023

"இதையெல்லாம் பொதுவில் எழுதி நம்மையே ஏன் காட்டிக்கொடுக்கிறாய்" என்று கிளேர்வுட்காரர் ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். அரசுக் கணக்கு அச்சில் வந்து எழுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் காட்டிக்கொடுக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை.

ஆனால் ராத்திரி படுத்தபிறகு வேறொன்று தோன்றியது. கடை எரிவதைக் கண்ணால் பார்த்தவர் முன்னால் எண்ணைத் தூக்கிப் போடுவது ஒன்று, முதலில் அவர் சொல்வதை முழுக்கக் கேட்டு எழுதிக்கொள்வது வேறொன்று. இப்போது என்னிடம் யோசனை கேட்கும் பிள்ளைகளுக்கு இரண்டாவதைத்தான் சொல்கிறேன். ரெக்கார்டரைப் போடு, குறுக்கே பேசாதே, கடையில் என்ன விற்றார்கள், எந்தக் கதவு வழியாக வெளியே வந்தார்கள், யார் வீட்டில் ராத்திரி தங்கினார்கள் என்று கேள். எண் எங்கேயும் ஓடிவிடாது, தாத்தாக்கள் இருக்க மாட்டார்கள்.

19 ஆகஸ்ட் 2023

பேச்சு எங்கெங்கோ போகிறது. தில்லையாடி வள்ளியம்மை தமிழ்நாட்டிலிருந்து போராட வந்தவரா என்று சென்னையிலிருந்து ஒருவர். இல்லை. 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர், தில்லையாடி அவர் பெற்றோரின் ஊர். 1913 சத்தியாக்கிரகத்தில் சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22இல் இறந்தார். வயது பதினாறு. கல்லறை பிராம்ஃபான்டைனில் இருக்கிறது, அந்த வருடம் ஜூலையில் காந்தி ஊருக்குக் கிளம்பும் முன் கல்லைத் திறந்து வைத்தார். சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்கு அவர் பெயர். அங்கே சேலை எடுத்தவர்கள் நிறைய, யார் என்று கேட்டவர்கள் குறைவு.

இதையே ஒரு பயிற்சியாகச் செய்யலாம். அவர் சிறையில் சொன்னதாக, அதிகாரியிடம் சொன்னதாக எத்தனையோ வீர வசனங்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றையும் எடுத்து, இது முதலில் எங்கே அச்சானது, எந்த வருடம், சொன்னபோது பக்கத்தில் இருந்தவர் யார் என்று பின்னால் நடந்து போய்ப் பாருங்கள். நம் பிள்ளைகளுக்குத் தமிழும் படிக்கத் தெரிந்தால் இதில் இன்னும் தூரம் போகலாம். இந்தியன் ஒப்பீனியன் 1903இல் நாலு மொழியில் ஆரம்பித்தது, தமிழ் அதில் ஒன்று. பி.எஸ். ஐயரின் ஆப்பிரிக்கன் கிரானிக்கிள் 1908இலிருந்து தமிழும் இங்கிலீஷும். தமிழ்ப் பக்கத்தைப் படிக்கத் தெரிந்த ஆராய்ச்சியாளர்கள் இந்த நாட்டில் எத்தனை பேர்? உங்கள் மகளுக்கு அம்மா தமிழ் சொல்லிக்கொடுத்திருந்தால் அது வேலைக்கு ஆகிற சரக்கு.

20 ஆகஸ்ட் 2023

வள்ளியம்மை பிறந்த நாளும் பிப்ரவரி 22தான் என்று ஒருவர் சேர்த்திருக்கிறார். அப்படித்தான் சொல்கிறார்கள்.

3 செப்டம்பர் 2023

சின்ன இடத்தின் குறைகளை எழுதாவிட்டால் நான் விளம்பரம் செய்கிறேன் என்பீர்கள்.

நூலகம். எங்கள் கல்லூரி நூலகம் ஒரு வகுப்பறை அளவு. வரலாற்று அலமாரியில் பாதி, யாரோ ஓய்வு பெற்றவர் வீட்டைக் காலி செய்தபோது கொடுத்தது. தென்னாப்பிரிக்க வரலாறு என்று எழுதியிருக்கும், உள்ளே 1960கள் வரை வெள்ளையர் எழுதிய பழைய பார்வை. ஆய்விதழ்களுக்குச் சந்தா கிடையாது. சனிக்கிழமை பூட்டு. வேலைக்குப் போய்க்கொண்டு படிக்கிறவளுக்குச் சனிக்கிழமையை விட்டால் ஏது நாள்?

அதைவிடப் பெரிய குறை ஒரே ஆசிரியர். அவர் நல்லவராக அமைந்தால் மூன்று வருடமும் விருந்து, இல்லாவிட்டால் மூன்று வருடமும் அதே நீர்மோர். எனக்கு நல்லவர்தான் அமைந்தார். ஆனாலும் அவருக்கு ஜூலு அரசன் ஷாகா காலத்து நேட்டாலிலும், வரியை எதிர்த்து ஜூலுக்காரர்கள் எழுந்த 1906 பம்பாத்தா எழுச்சியிலும் உயிர், ஐரோப்பா என்றால் கொட்டாவி. பிரெஞ்சுப் புரட்சியை நாங்கள் இரண்டே வகுப்பில் முடித்தோம், ராஜா தலை போனது மட்டும் ஞாபகம். அவர் நடுவில் ஒரு பருவம் உடம்பு முடியாமல் போனபோது கணக்கியல் ஆசிரியர் வந்து எங்களுக்கு ஸ்லைடு படித்துக் காட்டினார். பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டுப் பார்த்தோம், சிரித்தார்கள்.

இதற்கு மாற்று உண்டு, ஆனால் பஸ் காசு செலவாகும். டர்பனில் பெரேயா பகுதியில் கில்லி கேம்ப்பெல் நூலகம் இருக்கிறது. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் பல பத்தாண்டுகளுக்கு முன் ஜூலுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய தாள்கள் அங்கேதான். வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுதூலி ஆவண மையம், நம்மவர்கள் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் முதலில் போக வேண்டிய இடம். மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் காப்பாளர் அலுவலகக் கோப்புகள். எந்தக் கல்லூரி மாணவர் என்று அங்கே யாரும் மட்டமாகப் பார்க்க மாட்டார்கள். சரியான கோப்பு எண்ணோடு போனால் மரியாதை தானாக வரும்.

யூனிசாவில் வீட்டிலிருந்தே படித்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: செலவு குறைவு, பட்டத்துக்கு மதிப்பு உண்டு, நிறவெறிக் காலத்து ராபன் தீவுச் சிறைக் கைதிகளே அதில் படித்தார்கள். மேசையைச் சுற்றி உட்காரும் அந்த ஒன்று மட்டும் கிடைக்காது. சொந்தமாக உட்கார்ந்து படிக்கும் பிள்ளை என்றால் நானே யூனிசாவைத்தான் சொல்வேன். பதினெட்டு வயதில் என்னை அப்படி விட்டிருந்தால் நான் ஒரு வரி எழுதியிருக்க மாட்டேன்.

1 அக்டோபர் 2023

ஃபீனிக்ஸ் தம்பி நேற்று மகளோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்கிறார். பதிவு எண் சரியாக இருக்கிறதாம். ஆசிரியர் இருவர், ஒருவர் பகுதி நேரம். முதல் பருவத்திலேயே மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்துக்குக் கூட்டிப்போகிறார்களாம். "எழுதின கட்டுரையைத் திருத்தித் தருவீர்களா" என்று அந்தப் பெண் நேருக்கு நேர் கேட்டிருக்கிறாள், ஆசிரியர் மேசையிலிருந்து போன வருடத்துக் கட்டுரை ஒன்றை எடுத்துக் காட்டினாராம், ஓரமெல்லாம் சிவப்பு மை. அப்பா பயந்துவிட்டார், மகளுக்குப் பிடித்துவிட்டது. மாமியார் இன்னும் சம்மதிக்கவில்லை, ஆனால் தன் ஆயாவின் காலனி எண்ணைக் கண்டுபிடித்துத் தர முடியுமா என்று பேத்தியிடம் கேட்டாராம். கட்டணத்தைத் தவணையில் கட்டச் சொல்லுங்கள் தம்பி, முழுதாகக் கட்டாதீர்கள், நான் மேலே சொன்ன கணக்கியல் கதை ஞாபகம் இருக்கட்டும்.

28 ஜனவரி 2024

கடைசி வகுப்புத் தேர்வில் நல்ல மார்க் வந்துவிட்டதாம், இப்போது பெரிய பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைத்திருக்கிறது. இரண்டில் எது என்று என்னைக் கேட்கிறீர்கள். ஏற்கெனவே அவ்வளவு எழுதியாகிவிட்டது, இனி அவள் பாடு. பெரிய இடம் என்றால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். வர வாய்ப்பு உண்டு, அதைச் சின்னதாக நினைக்காதீர்கள். அங்கே போனால் முதல் வாரமே ஒரு ஆசிரியரின் அறைக் கதவைத் தட்டச் சொல்லுங்கள், கூட்டத்தில் தானாக யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். எங்கே போனாலும் இரண்டாவது பாடம் ஜூலுவாக இருக்கட்டும். பள்ளியில் படித்த அரைகுறை ஜூலு போதாது, கோப்பில் வரும் சாட்சிகளில் பாதி அந்த மொழிக்காரர்கள்.

ஆவணக் காப்பகத்துக்கு முதல் தடவை போகும்போது அடையாள அட்டை, பென்சில், ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், உள்ளே ஏசி குளிர் தாங்காது.